முளையும் நிலாவும்

கடந்த ஆண்டு எங்கள் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறை மாணவி ஒருத்தி, தன் குறும்படத்துக்குப் பின்னணி உரை எழுதித் தரவேண்டும் என்று கேட்டுத் தமிழ்த்துறை அறைக்கு வந்திருந்தாள். இரண்டு நிமிட அனிமேஷன் படம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நிலா வெளிச்சத்தில் நீண்ட தெருவொன்றின் கோடியிலிருந்து ஒரு கிழவி நடந்து வருகிறாள், வீட்டு வாசலை அடைகிறாள், அவ்வளவுதான். நடைக்காகப் பன்னிரண்டு படங்கள் வரைந்திருந்தாள். அவற்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டால் கிழவி நடப்பாள், ஆனால் நின்ற இடத்திலேயே நடப்பாள். தொலைவிலிருந்து அருகே வரவேண்டுமானால் உருவம் வளரவேண்டும். அதற்காக அந்தப் பெண் பன்னிரண்டு படங்களுக்கும் பல பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து, கண்மதிப்பில் இழுத்து இழுத்துப் பெரிதாக்கியிருந்தாள்.

விளைவு அவள் எதிர்பார்த்ததாக இல்லை. கிழவி நடக்கவில்லை, தத்தினாள். ஒரு படத்தில் பாதம் தரைக்கு மேலே தொங்கியது. அடுத்த படத்தில் கணுக்கால்வரை மண்ணுக்குள் இறங்கியது. இதற்காக மூன்று இரவுகள் கண்விழித்ததாகச் சொன்னாள். எங்களோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்த அவளுடைய துறை ஆசிரியர் மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “படத்தைத் தொடாதேம்மா, பெக்கைப் பெருசு பண்ணு.”

எனக்கு அந்தச் சொல் புதிது. அது என்ன என்று அவளிடம் கேட்டேன். “அதுவும் ஒரு லேயர்தான் ஐயா. ஆனா அதுல படம் எதுவும் இருக்காது,” என்றாள்.

படமே இல்லாத ஓர் அடுக்கு. ஆனால் படத்தின் அளவும் இருப்பும் சாய்வும் அதன் பொறுப்பில். இலக்கணம் கற்பித்துப் பிழைப்பவனுக்கு இது எளிதில் பிடிபடக்கூடியதே. வேற்றுமை உருபுக்குத் தனியாக நின்று பொருள் தரும் ஆற்றல் கிடையாது; ஆயினும் பெயரின் பொருளை வேறுபடுத்துவது அதுதான். என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெயர். பெக் என்றால் முளை. மாட்டைக் கட்ட மண்ணில் அடிக்கிறோமே, அந்த முளை. கணிப்பொறித் திரைக்குள் அடித்து வைக்க மண்ணும் இல்லை, மரமும் இல்லை. பிறகு எப்படி அந்தச் சொல் அங்கே போய் நின்றது? இதை உவமையாகுபெயர் என்பதா கருவியாகுபெயர் என்பதா என்று ஒருநாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனை பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றுக்குள் என்னைக் கொண்டுபோய்விட்டது. வரைந்த உருவத்தைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் பார்வைக்கு அற்பமான காரியம். ஆனால் அதற்கான உழைப்பை யார் செய்வது என்ற கேள்வி அனிமேஷன் கலையின் வரலாறு நெடுகிலும் கூடவே வந்திருக்கிறது.

தொடக்கத்தில் கைதான் செய்தது. அமெரிக்கப் பத்திரிகைகளில் சித்திரத் தொடர்கள் வரைந்து பெரும்புகழ் பெற்றிருந்த வின்சர் மெக்கே, 1911இல் தம்முடைய ‘லிட்டில் நீமோ’ பாத்திரங்களை வைத்துத் தம் முதல் அனிமேஷன் படத்தை உருவாக்கினார். அதில் உருவங்கள் கோணல் கண்ணாடியில் தெரிவதுபோல நீளும், குறுகும், பருக்கும். ஒவ்வொரு நீட்சியும் ஒரு தனித் தாளில் தனியாக வரையப்பட்டது. 1914இல் வந்த ‘கெர்ட்டி’ என்னும் டைனோசர் படத்தில் நிலைமை இன்னும் கடுமை. அசையாமல் நிற்கும் பாறைகளையும் நீர்நிலையையும்கூட ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைய வேண்டியிருந்தது. அந்த வேலையை ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளைஞர் செய்தார். ஆயிரக்கணக்கான தாள்கள், ஒவ்வொன்றிலும் அதே பாறை. படத்தை இன்று பார்த்தாலும் அந்தப் பின்னணி மெல்ல நடுங்குவது தெரியும். அசையாதவை என்று நாம் நம்பும் பொருள்கள் ஒரு மனிதக் கையின் சோர்வால் துடித்துக்கொண்டிருக்கின்றன. குறை என்று சொல்லிவிடலாம்தான். எனக்கு அது அந்தப் படத்தின் உயிர்ப்பாகவே படுகிறது.

இந்த நடுக்கத்துக்குக் காரணம் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் பொருந்தாமையும்தான். மெக்கே தாளின் மூலைகளில் குறிகள் இட்டு அவற்றைச் சரிபார்த்துக்கொண்டார். இதற்கு நிரந்தரமான வழியைக் கண்டவராகச் சொல்லப்படுபவர் ராவுல் பாரே. 1874இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பிறந்தவர், ஓவியர், கேலிச்சித்திரக்காரர். 1914 வாக்கில் நியூயார்க்கில் பில் நோலன் என்பவருடன் சேர்ந்து அனிமேஷனுக்கென்றே ஒரு கூடம் அமைத்தார். தாள்களின் ஓரத்தில் துளையிடுவது, வரைபலகையில் அந்தத் துளைகளுக்குச் சரியாக முளைகளைப் பொருத்துவது, எல்லாத் தாள்களையும் அந்த முளைகளில் மாட்டியே வரைவது, மாட்டியே படம்பிடிப்பது என்பதுதான் அவர் கொண்டுவந்த முறை. அலுவலகக் கோப்புகளில் தாள்களைத் துளையிட்டுக் கோக்கிறோம், அதே நுட்பம். மேதைமை என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை எனத் தோன்றும். ஆனால் இதற்குப் பிறகுதான் ஓர் உருவத்தை ஒருவர் வரைய, அடுத்ததை இன்னொருவர் வரைய, மூன்றாமவர் மை தீட்ட முடிந்தது. முளை இல்லையேல் கூட்டு உழைப்பு இல்லை. கூட்டு உழைப்பு இல்லையேல் அனிமேஷன் ஒரு தொழிலாக வளர்ந்திருக்காது.

அதே ஆண்டுக் கடைசியில் ஏர்ல் ஹர்ட் என்பவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அசையும் உருவத்தை ஒளி ஊடுருவும் செல்லுலாய்ட் தகட்டில் வரைந்து, அசையாப் பின்னணியின் மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறை அது. 1915இல் உரிமை கிடைத்தது. ஹர்ட்டும் ஜே. ஆர். பிரேயும் சேர்ந்து அமைத்த நிறுவனம், 1932இல் அந்தக் காப்புரிமைகள் காலாவதியாகும்வரை, மற்றக் கூடங்களிடம் கட்டணம் வசூலித்துக்கொண்டிருந்தது. ஃபிட்ஸ்சிம்மன்ஸைப்போல் பாறையை ஆயிரம் முறை வரையும் தலைவிதி இனி யாருக்கும் இல்லை. இன்று மென்பொருளில் அடுக்கு என்றும் லேயர் என்றும் நாம் சொல்வது, பௌதிகமாக அந்தச் செல்லுலாய்ட் தகடுதான்.

முளையும் தகடும் வந்தபின் பெரிதாக்கும் வேலையைக் கேமரா ஏற்றுக்கொண்டது. மேசைமேல் படம் கிடக்கும். அதற்கு மேலே தூணில் கேமரா தலைகீழாகத் தொங்கும். கேமராவை இறக்கினால் உருவம் பெரிதாகும். இதை அளந்து சொல்ல ஃபீல்டு என்றொரு கணக்கு இருந்தது. பன்னிரண்டு ஃபீல்டு என்றால் பன்னிரண்டு அங்குல அகலமுள்ள பரப்பைக் கேமரா பார்க்கிறது. ஆறு ஃபீல்டு என்றால் ஆறு அங்குலத்தை. பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு இறங்கினால் திரையில் எல்லாம் இரு மடங்காகும். வரைந்தவருக்கு ஒரு வேலையும் இல்லை.

எல்லாம் இரு மடங்காகும் என்றேன். சிக்கலும் அங்கேதான் இருந்தது. 1957இல் வால்ட் டிஸ்னி தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் இதைச் செய்தே காட்டினார். நிலா வெளிச்சத்தில் ஒரு பண்ணை வீடு. ஒரே பலகையில் தீட்டிய ஓவியம். கேமரா நெருங்குகிறது. வீடு பெரிதாகிறது; சரி. அதோடு நிலாவும் பெரிதாகிறது. இருட்டில் நம் வீட்டை நோக்கி நடக்கும்போது வீடு வளரும், வாசல் வளரும், வாசலில் நிற்கும் முருங்கைமரம் வளரும்; நிலா மட்டும் அப்படியே இருக்கும். குழந்தைக்கும் தெரிந்த இந்த உண்மை கேமராவுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் ஓவியத்தில் வீடும் நிலாவும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. கேமரா பெரிதாக்கியது வீட்டை அல்ல, பலகையை.

எனவே நிலாவை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. இந்த யோசனை டிஸ்னிக்குச் சொந்தமானதன்று. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டைகளைக் கத்தரித்துச் செய்த நிழலுருவங்களைக் கொண்டு ‘இளவரசர் அஹ்மத்’ என்னும் முழுநீளப் படத்தை 1926இலேயே வெளியிட்டுவிட்டார். அவருடைய மேசையில் கண்ணாடித் தளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அடியிலிருந்து வெளிச்சம் வரும். அவர் இன்னொன்றும் செய்தார். அண்மைக்காட்சி வேண்டுமென்றால் அதே பாத்திரத்துக்குப் பெரிய அளவில் வேறோர் உருவத்தை வெட்டினார். சிறிய உருவத்தில் விரல்களைத் தனித்தனியே வெட்டுவது வீண். பெரியதில் வெட்டாவிட்டால் பொய். கத்தரிக்கோல் பிடித்த கைக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இறுதியில் மறுபடி வருவேன்.

அமெரிக்காவில் டிஸ்னியின் பழைய தோழரான அப் ஐவர்க்ஸ், பிரிந்து தனிக்கூடம் நடத்திய நாட்களில், பழைய செவர்லே காரின் உதிரிபாகங்களைக் கொண்டு பல தளங்கள் உள்ள கேமரா ஒன்றைக் கட்டினார். மாக்ஸ் ஃபிளைஷர் கூடத்தில் தகட்டுக்குப் பின்னால் நிஜமான சிறு மாதிரிக் கட்டடங்களையே வைத்துச் சுழற்றினார்கள். 1936இல் வந்த, பொப்பாய் சிந்துபாத்தைச் சந்திக்கும் படத்தில் அதைப் பார்க்கலாம். டிஸ்னி கூடத்தில் வில்லியம் காரிட்டி தலைமையில் உருவான மல்ட்டிபிளேன் கேமரா இவற்றுக்குப் பிந்தியது. ஆனால் புகழ் முழுவதும் அதற்கே போயிற்று. வரலாற்றில் இப்படித்தான் நடக்கிறது.

அந்த இயந்திரம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் இரும்புச் சட்டம். உச்சியில் கீழ்நோக்கிய கேமரா. அதன் கீழே ஏழு தளங்கள்வரை வைக்கலாம். எண்ணெய் வண்ணத்தில் கண்ணாடிமீது தீட்டிய மரங்கள், வீடு, குன்று, எல்லாவற்றுக்கும் அடியில் வானும் நிலாவும். கீழே போகப்போகக் கேமரா பார்க்கும் பரப்பு விரியும் என்பதால் ஓவியங்களும் அகன்றுகொண்டே போகவேண்டும். தளம் ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனித் திருகு. ஒரு சட்டகத்தைப் படம்பிடிக்குமுன் ஒவ்வொரு தளமும் எவ்வளவு நகரவேண்டும் என்று கணக்கிட்டுத் தாளில் எழுதி வைத்திருப்பார்கள்; பல ஆட்கள் அவரவர் தளத்தை அந்த அளவுக்கு நகர்த்திவிட்டு விலகி நிற்க, ஒரு சட்டகம் பதிவாகும். திரையில் ஒரு விநாடி ஓட இப்படி இருபத்துநான்கு சட்டகங்கள் வேண்டும். 1937 நவம்பரில் வெளிவந்த ‘தி ஓல்ட் மில்’ என்ற குறும்படம் இதற்கான ஒத்திகை. பாழடைந்த காற்றாலை ஒன்றில் ஒரு மழை இரவு, அவ்வளவுதான் கதை. ஆஸ்கார் பெற்றது. அடுத்த மாதமே ‘ஸ்னோ வைட்’ வந்தது. 1940இல் வந்த ‘பினாக்கியோ’வில் விடியற்காலைக் கிராமத்தின் கூரைகளுக்கு மேலே பறந்து தெருவுக்குள் இறங்கும் காட்சியோடு அந்தக் கருவியின் ஆடம்பரம் உச்சத்தைத் தொட்டது. செலவு தாங்காமல் பிறகு சிக்கனமாகவே அதை எடுத்தார்கள்.

அளவு என்பது பொருளின் குணமல்ல, பொருளுக்கும் பார்ப்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தின் குணம் என்பதை அந்த இரும்புச் சட்டம் செயலில் காட்டியது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய விகிதத்தில் வளர, நிலா வளராமல் நிற்கும்.

ஆனால் கோடு? கேமரா நெருங்கும்போது உருவத்தோடு அதன் கோடும் தடிக்கிறது. தூரிகைத் தடமும் தூசியும் தடிக்கின்றன. ஓவியத்தில் இதைச் சமாளிக்கலாம். கோட்டுருவத்தில் மறைக்க முடியாது. அந்தக் கோடுகளை இட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். டிஸ்னி கூடத்தின் மை தீட்டும் பிரிவில், அனிமேட்டர்களின் பென்சில் படங்களைத் தகட்டில் மெல்லிய பேனா முனையால் பெயர்த்தெழுதுவது அவர்களது வேலை. கன்னத்துக்கு ஒரு நிறக் கோடு, கூந்தலுக்கு வேறு நிறக் கோடு. தூரத்து உருவத்துக்கு மெலிந்த கோடு, அருகிலிருப்பதற்குச் சற்று அழுத்தமான கோடு. அந்தப் பெண்களின் பெயர்கள் நெடுங்காலம் படங்களின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறவில்லை.

1950களின் பிற்பகுதியில், டிஸ்னியிடம் திரும்பியிருந்த அதே அப் ஐவர்க்ஸ், ஜெராக்ஸ் முறையைத் தகடுகளுக்கு ஏற்றவாறு மாற்றினார். பென்சில் படம் நேராகத் தகட்டில் பதிந்துவிடும். 1961இல் வந்த, நூற்றொரு டால்மேஷன் நாய்களின் கதை இந்த முறையில் எடுக்கப்பட்டது. அத்தனை குட்டிகள், அத்தனை புள்ளிகள். கையால் மை தீட்டியிருந்தால் அந்தப் படமே சாத்தியமில்லை. ஒரு குட்டியை வரைந்து அதைப் பல குட்டிகளாகப் பிரதியெடுக்கலாம்; பதிக்கும்போதே சிறிதாக்கவும் பெரிதாக்கவும் செய்யலாம். கருவி பெரிதாக்கும் வேலையை ஏற்றுக்கொண்ட அன்றே கோடும் மாறிப்போயிற்று. நிறக் கோடுகள் போய், சொரசொரப்பான கருங்கோடு வந்தது. டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை என்பார்கள். அனிமேட்டர்களோ தங்கள் பென்சிலின் வேகம் முதன்முதலாகத் திரையில் தெரிவதாக மகிழ்ந்தார்கள். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. மை தீட்டிய பெண்களில் பெரும்பாலோருக்கு வேலை இல்லாமல் போனது. கலை வரலாறுகள் இதை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. நானும் இங்கே சில வாக்கியங்களுக்கு மேல் எழுத முடியவில்லை.

முளை நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த கதையையும் இடையில் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்னோ வைட்’, ‘பாம்பி’ போன்ற படங்களில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்ற டிஸ்னி அனிமேட்டர், 1956இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனில் தொடங்கிய கார்ட்டூன் பிரிவில் பயிற்சியளிக்க வந்தார். ஜாதகக் கதையொன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் செய்த படம் ‘தி பேனியன் டியர்’. அங்கே அவரிடம் பயின்றவர்களில் ஒருவரான ராம் மோகன், 2019இல் காலமாகும்வரை இந்திய அனிமேஷனின் மூத்தவராக மதிக்கப்பட்டார்.

பெரிதாக்கும் பொறுப்பு எண்களிடம் போன கதை 1963இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தம் முனைவர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலை உருவாக்கினார். டி.எக்ஸ்-2 என்ற கணிப்பொறியின் திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையலாம். அவர் செய்த மிக முக்கியமான காரியம், மூலப் படம் வேறு, அதன் தோற்றங்கள் வேறு என்று பிரித்ததுதான். மூலம் ஒன்று, அதைப் பத்து இடங்களில் பத்து அளவில் பத்துச் சாய்வில் தோன்றச் செய்யலாம். மூலத்தில் ஒரு கோட்டைத் திருத்தினால் பத்துத் தோற்றங்களும் திருந்தும். எந்தத் தோற்றத்தைப் பெரிதாக்கினாலும் மூலம் சலனமின்றி இருக்கும். பிற்காலத்தில் ஃபிளாஷ் மென்பொருளில் சிம்பல் என்ற பெயரில் இதே பாகுபாடு வந்தது. இணையத்தில் ஒரு தலைமுறை கார்ட்டூன்களை உலவவிட்ட அந்த ஃபிளாஷின் ஓடுதளம் 2020 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பாகுபாடு மட்டும் நீடிக்கிறது.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. ஒரு புள்ளி என்பது இரண்டு எண்கள். பெரிதாக்க வேண்டுமானால் பெருக்கவேண்டும். நகர்த்த வேண்டுமானால் கூட்டவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மாற்றங்களை அடுக்கும்போது கூட்டலும் பெருக்கலும் கலந்து குழப்பும். ஜெர்மன் கணித அறிஞர் மோபியஸ் 1827இலேயே வேறொரு நோக்கத்துக்காக வகுத்துவைத்த முறையை, 1960களில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் கணிப்பொறி வரைகலைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதலாக ஓர் எண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டால் நகர்த்தலும் பெருக்கலாகிவிடும். அப்போது நகர்த்து, சுழற்று, பெரிதாக்கு என்ற மூன்று கட்டளைகளும் ஒன்பது எண்கள் கொண்ட ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த மாணவி சொன்ன படமில்லாத அடுக்கின் உள்ளே இருப்பது இந்த ஒன்பது எண்கள்தாம்.

எண்களைக் கொண்டு வளர்வதன் பயங்கரத்தை முதலில் உணர்த்தியவர் பீட்டர் ஃபோல்டெஸ். ஹங்கேரியில் பிறந்து பாரீஸில் வாழ்ந்த ஓவியர். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக, நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் என்ற இரு அறிவியலாளர்கள் உருவாக்கிய நிரலைக் கொண்டு 1974இல் ‘பசி’ என்ற குறும்படத்தை எடுத்தார். ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார்; இடைநிலைகளைக் கணிப்பொறி நிரப்பும். ஒருவன் உண்கிறான். உண்ண உண்ணப் பருக்கிறான், வாய்கள் பெருகுகின்றன, இறுதியில் பட்டினி கிடந்த கூட்டம் அவனைச் சூழ்ந்து தின்கிறது. கோடுகள் ஒன்று இன்னொன்றாக வழுவழுவென்று உருகும் அந்த இயந்திரத்தனமான அசைவு வேறெந்தக் கதைக்கும் ஒட்டியிருக்காது. கருவியின் குறையையே கருவாக்கிக்கொண்ட படம். கேன் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. பர்ட்னிக்கும் வெய்னும் 1997இல் ஆஸ்காரின் தொழில்நுட்ப விருதைப் பெற்றார்கள்.

அதன்பின் கதை வேகமாக ஓடுகிறது. டிஸ்னியும் பிக்ஸாரும் சேர்ந்து அமைத்த கேப்ஸ் என்ற ஏற்பாட்டில் 1990இல் ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ முழுப்படமாக வந்தது. தகடு போயிற்று, இரும்புச் சட்டம் போயிற்று. தளங்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் போயிற்று. 1990களில் இத்தாலியில் பிறந்த டூன்ஸ் மென்பொருளை ஜப்பானின் கிப்லி கூடம் ‘பிரின்சஸ் மொனோனோகே’ காலத்திலிருந்து எடுத்தாண்டது. 2016 மார்ச்சில் அது ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் யாவர்க்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. எங்கள் மாணவியின் மடிக்கணினியில் இருந்ததும் அதுதான். அதில் இந்தப் படமில்லாப் பொருளுக்குப் பெயர் பெக்பார், அதாவது முளைச்சட்டம்.

முளை என்றே அழைக்கும் இன்னொரு மென்பொருள் டூன் பூம் நிறுவனத்தின் ஹார்மனி. தொலைக்காட்சித் தொடர்க் கூடங்களில் பரவலாகப் புழங்குவது. 1994இல் அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர் மாண்ட்ரியல். ராவுல் பாரே பிறந்த ஊர். நியூயார்க்கில் முளையடித்துவிட்டு ஊர் திரும்பிய அவர், 1932இல் இறந்ததும் அங்கேதான். தற்செயல்தான்; ஆனாலும் ஒரு சொல் ஊர் சுற்றிவிட்டுப் பிறந்தகம் சேர்ந்ததைப்போல எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இப்போது மாணவியின் கிழவியிடம் வருவோம். படங்களைத் தனித்தனியே இழுக்கும்போது என்ன நடந்தது? ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு மையத்திலிருந்து நடந்தது. ஒவ்வொரு பிரதியும் தனக்கென ஓர் அளவைக் கொண்டது. அவற்றை ஒரு முளையில் மாட்டி முளையைப் பெரிதாக்கினால் பன்னிரண்டும் ஒரே கணக்குக்குக் கட்டுப்படும். முதல் சட்டகத்தில் இவ்வளவு, கடைசிச் சட்டகத்தில் இவ்வளவு என்று இரண்டு இடங்களில் சொன்னால் போதும். இடையிலுள்ளவை தாமே அமையும். பிவட் என்னும் ஊன்றுபுள்ளியை மட்டும் கவனிக்கவேண்டும். அது இடுப்பில் இருந்தால் உருவம் மேலும் கீழும் சமமாக வளர்ந்து கால் பூமிக்குள் இறங்கும். பாதத்தில் வைத்தால் கிழவி நிலத்தில் ஊன்றியபடி வளர்வாள். மரம் வளர்வதைப்போல என்று சொல்லலாம்.

முளையை இன்னொரு முளையில் மாட்டலாம். கை தோளோடு, தோள் உடலோடு, உடல் தெருவோடு. மேலே உள்ளது பெரிதானால் கீழே உள்ளவை தாமாகவே பெரிதாகும், கூட்டுக்குடும்ப ஏற்பாடுதான். அதன் தொல்லைகளும் உண்டு. மூத்ததை அகலத்தில் மட்டும் இழுத்துவிட்டு இளையதைச் சுழற்றினால், இளையது சாய்ந்து கோணிப்போகும். எங்கே தவறு நடந்தது என்று தெரியாமல் தவிப்பார்கள். தவறு இரண்டு தலைமுறைக்கு மேலே இருக்கும்.

முளையால் தீராத ஒன்று மிச்சமிருந்தது. தெருக்கோடியில் மெலிந்திருந்த கிழவியின் கோடு, வாசலை நெருங்கியபோது கயிறுபோலத் தடித்திருந்தது. கோட்டின் தடிமனை அளவிலிருந்து பிரித்துவிடும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. அதைச் செய்தாலும் சரிவருவதில்லை. வாசலுக்குப் பொருந்தும் கோடு தெருக்கோடியில் முகத்தையே அடைத்துக் கருந்திட்டாக்கிவிடுகிறது. உண்மையில் கோளாறு கோட்டில் இல்லை. தூரத்துக் கிழவியை வரைந்தபோது அந்தப் பெண் சுருக்கங்களை வரையவில்லை, சேலையின் கரையை வரையவில்லை, கண்ணுக்குப் பதில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அது சரியான ஓவியம். பெரிதாக்கியபோது அந்தப் புள்ளி பெரிய புள்ளியானதேயொழிய, கண் ஆகவில்லை. ஒன்பது எண்களுக்குள் கிழவியின் சுருக்கங்கள் இல்லை, எங்கிருந்து வரும்? ரைனிகர் கத்தரிக்கோலை மறுபடி கையில் எடுத்தது இதற்காகத்தான்.

அவளிடம் ரைனிகரைப் பற்றிச் சொன்னேன். நிலாவையும் கிழவியின் முளையில் மாட்டிவிடாதே என்று ஒரு தமிழாசிரியன் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். “அது தனி பெக் ஐயா, அசையாது,” என்றாள்.

முடிந்த படத்தை மார்ச் மாதத்தில் துறை விழாவில் திரையிட்டார்கள். தெருவில் பாதித் தூரத்தில் ஒரு மின்கம்பம். கிழவி அதன் பின்னால் போகிறாள். மறுபக்கம் வெளிப்படும்போது வருவது வேறு பன்னிரண்டு படங்கள். பெரிதாக, மெல்லிய கோட்டில், புதிதாக வரைந்தவை. கண் இருந்தது. இடது கை சேலைத் தலைப்பைச் சேர்த்துப் பிடித்திருந்தது. முந்தைய பன்னிரண்டில் அந்தக் கை வெறும் கோடு. அரங்கில் யாரும் மாற்றத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் எழுதித் தந்திருந்த நான்கு வாக்கியங்களில் மூன்றை அவள் வெட்டிவிட்டிருந்தாள்.